மிஸ்டர் கரீன் சொன்ன வசனம்

இரும் பிள்ளை, அவசரப்படாதையும். அந்தப் பலகையில தாமதம் எண்டு போட்டால் இஞ்ச அது ஒரு மணித்தியாலத்தில முடியிற சங்கதியில்லை. வெளியில பாரும். ஓடுபாதையே தெரியேல்லை. இந்தப் புகார் விலகினால்தான் ரொறன்ரோவில இருந்து வாற பிளேன் இறங்கும், அது இறங்கினால்தான் நாங்கள் ஏறலாம். என்ன முழிக்கிறீர்? புகார் எண்டால் மூடுபனி. உங்கட ஊரில முறைப்பாட்டைத்தான் புகார் எண்டுறவை, என்ன? எங்கட ஊரில அது வேற.

நீர் போனில கதைச்சது காதில விழுந்தது. ஒட்டுக்கேக்கேல்லை, பக்கத்தில இருந்தால் விழும்தானே. வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரி சொல்லுற ஒண்டும் விளங்கேல்லை, இங்கிலீஷ் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு எண்டு அம்மாவுக்குச் சொன்னீர். எவ்வளவு காலம் வந்து? ரெண்டு மாசமோ. விளங்காது. எனக்கு ஒண்டரை வருசம். இண்டைக்கு ஒரேயடியாப் போறன், மகனிட்ட.

நான் இங்கிலீஷ் ரீச்சர். யாழ்ப்பாணத்தில இருபத்திரண்டு வருசம் படிப்பிச்சனான். மலர் ரீச்சர் எண்டால் எங்கட பக்கத்தில தெரியாத ஆக்கள் இல்லை. தவமலர் முழுப்பேர். இஞ்ச வாறதுக்கு எழுதின பரீட்சையில ஒன்பதுக்கு எட்டரை. என்னோட எழுதின பொடி பெட்டையள் ஆறு எடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லேல்லை. கதைக்கு வேணும், அதாலதான் சொல்லுறன்.

மகன் இந்தத் தீவில, இஞ்சத்தைய யூனிவர்சிற்றியில படிச்சு, வேலை எடுத்து, என்னைக் கூப்பிட்டவன். என்ர மனுசன் செத்த பிறகு நான் ஊரில தனிய. வந்தன். வந்து எட்டு மாசத்தில அவனுக்கு ரொறன்ரோவில நல்ல வேலை கிடைச்சிட்டுது. வாங்கோ அம்மா எண்டான். நான் ஏலாது எண்டன். அப்பதான் முதியோரைப் பராமரிக்கிற கோர்ஸ் ஒண்டு முடிச்சு, ஒரு இடத்தில வேலைக்கு எடுத்திருந்தினம். இந்த வயசில பிள்ளையின்ர கையைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. சின்ன இடம் அது. பதினாலு பேர்தான், எல்லாம் கிழடுகள். நானும் கிழவிதான். அவைக்குக் குளிக்கவாக்கிறது, உடுப்பு மாத்திறது, சாப்பாடு குடுக்கிறது, பெட்டியில எடுத்து வைச்சிருக்கிற குளிசையை நேரத்துக்குக் குடுத்திட்டுத் தாளில கையெழுத்து வைக்கிறது. குளிசை எண்டால் மாத்திரை.

கோர்ஸ் படிப்பிச்ச ஆக்கள் வெளி மாகாணம். அவையின்ர இங்கிலீஷ் புத்தகத்தில இருக்கிற இங்கிலீஷ். அதால எனக்கு ஒரு கரைச்சலும் தெரியேல்லை. முதல்நாள் வேலைக்குப் போனன், முதல் அறைக்கதவைத் திறந்தன், கட்டிலில இருந்த கிழவர் கேட்டார்: "வாட்யா அட், மிஸ்?"

நான் என்ன செய்யிறன் எண்டு விசாரிக்கிறாராக்கும் எண்டு நினைச்சு, "நான் உங்கட அறையைப் பாக்க வந்தனான்" எண்டன். மனுசன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். அது 'எப்பிடிச் சுகம்' எண்டு கேக்கிறதாம். அவர்தான் மிஸ்டர் கரீன். அம்புரோஸ் கரீன். எண்பத்திநாலு வயசு. கடலுக்குப் போன ஆள். இஞ்ச இருந்து தெற்கால ரெண்டு மணித்தியாலம் ஓடினால் கரையோரமா இருக்கிற ஒரு சின்ன ஊர். இருதய வருத்தம். மற்றும்படி ஆள் திடகாத்திரம். நடப்பார், கதைப்பார். கதையெண்டால் அப்பிடி ஒரு கதை.

ஆனால் அந்த இங்கிலீஷ்! 'தாங்க்ஸ்' இல்லை, 'டாங்க்ஸ்'. 'த்ரீ' இல்லை, 'ட்ரீ'. மூண்டு எண்டுறாரோ மரம் எண்டுறாரோ தெரியாது. நாக்கைப் பல்லுக்கு நடுவில வையுங்கோ எண்டு நான் எத்தினை ஆயிரம் பிள்ளையளுக்குச் சொல்லியிருப்பன். 'ஐ கோஸ்', 'யூ கோஸ்', 'தே கோஸ்'. எல்லாத்துக்கும் ஒரு எஸ். இங்கிலீஷ்காரருக்குப் பிறந்த ஆக்கள் இங்கிலீஷை இப்பிடிக் கொல்லலாமோ எண்டு எனக்கு நெஞ்சு பத்தும். நாங்கள் அடிவாங்கிப் படிச்ச பாஷையெல்லே.

நான் ரீச்சரா இருந்தனான் எண்டு சொன்ன நாளில இருந்து என்னை 'மிஸ்' எண்டுதான் கூப்பிடுவார். நான் திருத்துவன். மனுசன் கோவிக்கமாட்டார். "யெஸ், மிஸ்" எண்டு சின்னப்பிள்ளை மாதிரிக் கையைக் கட்டுவார். ஒருநாள் உள்ளங்கையை விரிச்சுக் காட்டினார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பட்டணத்தில இருந்து வந்த ஒரு வாத்தியார், 'த்ரீ' எண்டு சொல்லத் தெரியாததுக்குத் தோல்வாரால அடிப்பாராம். நாலு வருசம் அடிவாங்கிப்போட்டு, பத்து வயசில தேப்பனோட வள்ளத்தில ஏறிட்டார்.

"நானும் அடிமட்டத்தால அடிச்சிருக்கிறன்" எண்டன் நான்.

"நல்லா அடிச்சிருப்பியள் மிஸ், பாத்தாலே தெரியுது" எண்டார். ரெண்டு பேரும் சிரிச்சம்.

வேலை தொடங்கின அந்த ஆறு கிழமையும், உங்கட கணக்கில ஆறு வாரம், எனக்கு வேலைக்குப் போறது சந்தோசமா இருந்தது, பிள்ளை. பொய் சொல்லக்கூடாது. வீட்டில தனிய இருந்து சுவரைப் பாக்கிறதை விட அது நல்லது. திரும்ப ஒரு வகுப்புக் கிடைச்ச மாதிரி.

பெப்ரவரி மாசம். நீர் இன்னும் இஞ்சத்தைய பனிகாலம் பாக்கேல்லை, பாப்பீர். அண்டைக்கு விடியப் புயல் வரும் எண்டு சொல்லியிருந்தவை. நான் ஏழு மணிக்குப் போகவேணும், ஆறே முக்காலுக்கே போயிட்டன். இரவு வேலை செய்த பெட்டை ஷார்லீன் வாசலில சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். வெளியில அவளை ஏத்திக்கொண்டு போக வந்த வாகனம் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்குது. "எல்லாரும் சுகம்" எண்டாள், ஓடிட்டாள். முதல் பிழை அவளுடையது. இதை நான் எங்கயும் சொல்லுவன். மிஸ்டர் கரீன் அண்டைக்கு வேளைக்கே எழும்பிட்டாராம். அவள் ஆறரைக்கே குளிசையைக் குடுத்திட்டாள். மேலதிகமா வைச்சிருக்கிற பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தவளாம். தாளில கையெழுத்து வைக்கேல்லை.

நான் தாளைப் பாத்தன். வெறுமை. அண்டையப் பெட்டியைத் திறந்தன். குளிசை இருக்கு. எடுத்துக்கொண்டு போனன்.

"மிஸ்டர் கரீன், உங்கட குளிசை."

அவர் சொன்னார்: "ஐம் ஆஃப்டர் டேக்கிங் டெம், மிஸ்."

நீர் என்ன நினைப்பீர்? சொல்லும் பாப்பம். ஆஃப்டர் எண்டால் என்ன? பிறகு. பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லுறார், அப்பிடித்தானே? நீர் எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளை, நீரே அப்பிடித்தானே சொல்லுறீர்.

நான் கேட்டன், "ஆஃப்டர் வட்? எதுக்குப் பிறகு? சாப்பாட்டுக்குப் பிறகோ? வசனத்தை முடிக்கவேணும் மிஸ்டர் கரீன்."

அவர் சிரிச்சார். திரும்பவும் அதையே சொன்னார். கொஞ்சம் ஆறுதலா, எனக்கு விளங்கவேணும் எண்டு, ஒவ்வொரு சொல்லாச் சொன்னார். "ஐம். ஆஃப்டர். டேக்கிங். டெம்."

"பிறகு இல்லை, இப்ப" எண்டன். தண்ணியைக் கையில குடுத்தன். கொஞ்ச நேரம் என்ர முகத்தைப் பாத்தார். "இஃப் யூ செஸ் ஸோ, மிஸ்." நீங்கள் சொன்னால் சரி, மிஸ். 'செஸ்' இல்லை, 'சே' எண்டும் திருத்தினன். அதையும் சொல்லத்தானே வேணும். திருத்திப்போட்டுத்தான் குளிசையைக் குடுத்தன். அவர் விழுங்கினார்.

பத்து மணி போலச் சத்தி எடுத்தார், வாந்தி. கண் மங்கலா இருக்கு எண்டார். நேர்ஸைக் கூப்பிடப் போனன். நான் திரும்பி வாறதுக்கிடையில மனுசன் எழும்பிக் குளியலறைக்குப் போயிருக்கிறார். அங்க விழுந்திட்டார். நாடி நிமிசத்துக்கு முப்பத்தெட்டு. இடுப்பெலும்பு முறிஞ்சிட்டுது. புயலுக்குள்ள அம்புலன்ஸ் வர ஒரு மணித்தியாலம். நான் நிலத்தில இருந்து அவற்ர தலையை மடியில வைச்சிருந்தன். "சொறி, மிஸ்" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் சொறி சொல்லுறார் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. தரையில சத்தி எடுத்ததுக்காக்கும் எண்டு நினைச்சன்.

பின்னேரம் ஷார்லீனுக்குப் போன் எடுத்த பிறகுதான் எல்லாம் தெரிஞ்சது. இருதயத்துக்குக் குடுக்கிற குளிசை ரெண்டு வகை, ரெண்டும் ரெண்டு தரம் போயிருக்கு.

உம்மட வீட்டுக்காரி சொல்லுறாளோ தெரியாது, இனிச் சொன்னால் கவனிச்சுக் கேளும். இஞ்சத்தைய ஆக்கள் 'ஐம் ஆஃப்டர் டேக்கிங்' எண்டால் பிறகு எடுக்கிறன் எண்டு அர்த்தமில்லை. இப்பதான் எடுத்து முடிச்சனான் எண்டு அர்த்தம். எடுத்து முடிச்சதுக்குப் பிறகு நிக்கிறன் எண்டு வைச்சுக்கொள்ளும். தலைகீழ்.

விசாரணை நடந்தது. அந்த இடத்துக்குப் பொறுப்பான மனிசி என்னைக் கூப்பிட்டு இருத்தினா. நல்ல மனிசி, சத்தம் போடேல்லை. நான் சொன்னன், எனக்கு விளங்கேல்லை, நான் இந்த ஊர் ஆள் இல்லை, இது நான் படிச்ச இங்கிலீஷ் இல்லை எண்டு. அவ தலையாட்டினா. எழுதினா. எழுதிப்போட்டு மேசையில இருந்த ஒரு கொப்பியை எடுத்து என்ர பக்கம் திருப்பி வைச்சா.

ஒண்டு நான் உமக்குச் சொல்லேல்லை. ஒவ்வொரு வேலைநேரம் முடியேக்கயும் அந்தக் கொப்பியில எழுதவேணும், ஆர் என்ன சாப்பிட்டது, ஆர் குளிச்சது எண்டு. ஷார்லீன் கதைக்கிற மாதிரித்தான் எழுதுவாள். 'மிஸ்டர் கரீன் இஸ் ஆஃப்டர் ஹாவிங் ஹிஸ் பாத்.' நான் விடியப் போய்ச் சிவப்புப் பேனையால திருத்திறனான். ஆரும் என்னைத் திருத்தச் சொல்லேல்லை. கண்ணால பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது, அது ஒரு பழக்கம். 'இஸ் ஆஃப்டர் ஹாவிங்' எண்டதை வெட்டிப்போட்டு மேல 'ஹாஸ் ஹாட்' எண்டு எழுதியிருந்தன். குளிச்சிட்டார். சரியான அர்த்தம். ஜனவரியில ரெண்டு இடத்தில. பெப்ரவரியில ஒரு இடத்தில.

"இது உங்கட எழுத்தோ?" எண்டு கேட்டா.

"ஓம்."

"அப்ப உங்களுக்கு அர்த்தம் தெரியும்."

எழுத்தில பாக்கேக்க தெரியும், காதில கேக்கேக்க வேற எண்டு சொன்னன். உண்மைதானே. அவற்ர வாயில பல்லுமில்லை, புயல் காத்துச் சத்தம் வேற. எழுத்தில எண்டால் நிண்டு நிதானமாப் பாக்கலாம். வாயால சொல்லேக்க...

இல்லை. உமக்கு ஏன் நான் பொய் சொல்லுவான்? நீர் ஆரோ, நான் ஆரோ. இந்தப் புகார் விலகினால் நீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் ரெண்டாந்தரம் ஒவ்வொரு சொல்லாச் சொன்னபோது எனக்கு ஏதோ தட்டுப்பட்டது. இந்த வசனத்தை நான் வெட்டியிருக்கிறனே எண்டு. ஒரு கணம்தான். ஆனால் தாளில கையெழுத்து இல்லை. தாள் ஒண்டு சொல்லுது, பிழையான இங்கிலீஷ் வேறொண்டு சொல்லுது. நான் தாளை நம்பினன். பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு ஆள் வசனத்தைப் பிழையாச் சொன்னால், அந்த ஆள் சொல்லுற விசயமும் பிழையாத்தான் இருக்கும் எண்டு... அப்பிடி நான் நினைச்சனான் எண்டில்லை. நினைக்கவும் இல்லை. அதுதான் சொல்லுறன், நினைக்கவே இல்லை.

அந்த மனிசிக்கு இதை நான் சொல்லேல்லை. அவவும் பிறகு கேக்கேல்லை. ஏன் எண்டால் அதுக்கிடையில ஆஸ்பத்திரியில இருந்து மிஸ்டர் கரீன் மகளிட்டச் சொல்லிவிட்டிட்டார், ஆரிலயும் பிழையில்லை, தன்ர கதைதான் பிழை எண்டு. தனக்கு வடிவாக் கதைக்கத் தெரியாதாம், ரீச்சர் என்ன செய்வா எண்டாராம். ரெண்டாந்தரம் குளிசை தரேக்க, டொக்டர் அளவைக் கூட்டியிருக்கிறாராக்கும், படிச்ச மனிசிக்குத் தெரியாதோ எண்டு நினைச்சு விழுங்கினாராம். அறிக்கையில 'மொழி விளங்காமை' எண்டு போட்டினம். எனக்கும் ஷார்லீனுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான். வேலை போகேல்லை. போயிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

எட்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனன். நாலு தோடம்பழம் கொண்டுபோனன். தோடம்பழம் தெரியும்தானே, ஒரேஞ்ச். கட்டிலுக்குப் பக்கத்தில மகள் பெர்னடெட் இருந்தா. மீன் பதனிடுற தொழிற்சாலையில இருபது முப்பது வருசம் வேலை செய்தவ, கையெல்லாம் வெடிச்சிருக்கும். என்னைக் கண்டிட்டு எழும்பினா. ஏசப்போறா எண்டு நினைச்சன். ஏசேல்லை. கதிரையைத் தந்தா.

மிஸ்டர் கரீன் என்னைக் கண்டதும் தலையணையில நிமிர்ந்து இருக்கப் பாத்தார். முடியேல்லை. முகத்தில ஒரு சொட்டுச் சதை இல்லை.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ்" எண்டார். "ஐ ஆம் வெரி வெல், தாங்க் யூ."

தாங்க். நான் திருத்தின மாதிரி நாக்கை நீட்டித்தான் சொன்னார். பல்லில்லாத வாயில நாக்கு வெளியில வந்து நிண்டது.

பிறகு ஒண்டு சொன்னார். நாள்முழுக்கப் பாடமாக்கி வைச்சிருந்த மாதிரி. "ஐ ஹாவ் டேக்கன் மை பில்ஸ், மிஸ்."

நான் இருபத்திரண்டு வருசம் படிப்பிச்சனான். அதை விடத் திறமான வசனம் கேக்கேலாது. எஸ் இல்லை, ஆஃப்டர் இல்லை. நான் கதிரையை விட்டு எழும்பிட்டன்.

பெர்னடெட் என்னை வெளியில கூட்டிக்கொண்டு போனா. நடையில கோப்பி மெசின் ஒண்டு இருந்தது, அதுக்குப் பக்கத்தில நிண்டம். "ஒரு கிழமையா இப்பிடித்தான்" எண்டா. "டொக்டரோட, நேர்ஸோட, என்னோட. என்னோடயும் இப்பிடித்தான். யோசிச்சு யோசிச்சு ஒவ்வொரு சொல்லா. பாதியில களைச்சு விட்டிடுறார். இவர் என்ர அப்பாவே இல்லாத மாதிரி இருக்கு."  பிறகு சொன்னா, "அந்த வாத்தியார் தோல்வாரோட நாலு வருசம் பாத்து முடியாத வேலை. நீங்கள் ஆறு கிழமையில செய்து முடிச்சிட்டியள், மிஸ்."

கோவமாச் சொல்லேல்லை. 

அவதான் எனக்கு அந்த ஆஃப்டர் எங்கயிருந்து வந்தது எண்டு சொன்னா. அவையின்ர பரம்பரை அயர்லாந்தில இருந்து வந்தது, இருநூறு வருசத்துக்கு மேல, மீன் பிடிக்கிறதுக்கு. வரேக்க இங்கிலீஷே தெரியாதாம், ஐரிஷ்தான். அந்தப் பாஷையில 'எடுத்திட்டன்' எண்டு சொல்ல வேற சொல் இல்லை, 'எடுத்ததுக்குப் பிறகு நிக்கிறன்' எண்டுதான் சொல்லலாமாம். இஞ்ச கப்பல்காரரிட்ட இங்கிலீஷ் பழகினவை. சொல்லை மாத்திப்போட்டினம், வசனத்தை மாத்தேல்லை. பிறகு பிள்ளையளுக்கு ஐரிஷ் மறந்து போயிட்டுது. ஒரு சொல்லும் மிச்சமில்லை. "எங்களிட்ட மிஞ்சினது அந்த வசனம் மட்டும்தான்" எண்டா. தானும் ஒரு புத்தகத்தில பாத்துத்தான் அறிஞ்சவவாம், தேப்பனுக்கு அது தெரியாதாம். அவர் கடைசிவரைக்கும் பிழையாக் கதைக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவர்.

எனக்கு அந்த நேரம் வகுப்பில இருந்த ஒரு பெட்டையின்ர ஞாபகம் வந்தது. சுகிர்தா எண்டு பேர். பின்னேரம் மணி அடிச்சால் எல்லாப் பிள்ளையளும் 'குட்பை ரீச்சர்' எண்டுவினம். அவள் மட்டும் 'ஐ வில் கோ அண்ட் கம், ரீச்சர்' எண்டுவாள். போட்டு வாறன் எண்டதை அப்பிடியே இங்கிலீஷில சொல்லுறாள். அப்பிடி ஒரு வசனம் இங்கிலீஷில இல்லை எண்டு அம்பது தரம் எழுத வைச்சன், 'ஐ ஆம் லீவிங் நவ்' எண்டு. அடுத்தநாள் தாய் வந்து நிக்கிறா. "ஏன் ரீச்சர் என்ர பிள்ளையைப் போறன் எண்டு சொல்லப் பழக்கிறியள்? இந்தக் காலத்தில அப்பிடிச் சொல்லலாமோ?" எண்டு கேக்கிறா. வெளியில செல்லும் குண்டும் விழுற காலம் அது. நான் என்ன சொன்னன் தெரியுமோ? இது இங்கிலீஷ் பாடம் அம்மா, இதுக்குள்ள சாத்திரம் சம்பிரதாயம் கொண்டு வராதையுங்கோ எண்டன். தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிட்டா. அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லை, சுவிஸில சுகமா இருக்கிறாள். ஆனால் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில நிண்டு எனக்கு அந்தத் தாயின்ர முகம்தான் தெரிஞ்சது. பெர்னடெட்டுக்கு நான் இதைச் சொல்லேல்லை.

திரும்பி உள்ள போனன். கட்டிலுக்குக் கிட்டக் குனிஞ்சு, "மிஸ்டர் கரீன், நீங்கள் உங்கட மாதிரியே கதையுங்கோ. எனக்கு விளங்கும்" எண்டன்.

தலையை ஆட்டினார். இல்லை எண்டு. "சரியாச் சொல்லத்தான் விருப்பம், மிஸ்" எண்டார். அதையும் சரியாத்தான் சொன்னார்.

பிறகும் நாலு தரம் போனன். ஒவ்வொரு தரமும் கதை குறைஞ்சுகொண்டே வந்தது. யோசிச்சுக் கதைக்கிறதுக்குத் தெம்பு வேணும்தானே. கடைசியாப் போகேக்க ஒண்டும் கதைக்கேல்லை, கண்ணைத் திறந்து பாத்தார், மூடினார். மார்ச் கடைசியில நிமோனியா வந்து செத்துப்போனார்.

செத்த வீட்டுக்கு ஷார்லீன்தான் தன்ர காரில கூட்டிக்கொண்டு போனவள். ரெண்டு மணித்தியால ஓட்டம்.  ஒரு இடத்தில நிப்பாட்டி எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயசு. என்ர சிவப்புப் பேனையை அவள் நாள்தோறும் பாத்திருப்பாளெல்லே. ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை.

அவையின்ர வேதக்கோயிலில பூசை முடிய, பக்கத்தில ஒரு மண்டபத்தில எல்லாருக்கும் தேத்தண்ணியும் சாண்ட்விச்சும் குடுத்தினம். சாவீடு எண்டு சொல்லமாட்டீர், அப்பிடிச் சிரிப்பும் கதையும். எல்லாரும் அவற்ர மாதிரியே கதைக்கினம். அதே ட்ரீ, அதே எஸ், அதே ஆஃப்டர். நான் ஒரு மூலையில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தன். கண்ணை மூடினால் அம்பது அம்புரோஸ் கரீன் கதைக்கிற மாதிரி இருந்தது. ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கினது.

அப்ப அவற்ர தம்பி வந்து பக்கத்தில இருந்தார். டென்னிஸ். எண்பது வயசு. காலில ஏதோ ஒப்பரேசன் செய்து, அந்த ஊரை விட்டு வெளிக்கிட ஏலாமல் இருந்தவர். தமையனை ஆஸ்பத்திரியில ஒருநாளும் போய்ப் பாக்கக் கிடைக்கேல்லை.

"நீங்கள்தானே அந்த ரீச்சர்?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். "கடைசியில நீங்கள் அவனைப் பாத்தனீங்கள் எண்டு பெர்னடெட் சொன்னாள். ஏதும் சொன்னவனோ? என்னைப் பற்றி ஏதும்?"

நான் என்னத்தைச் சொல்ல? உங்கட தமையன் கடைசி ஒரு மாசம் பாடப்புத்தகம் மாதிரிக் கதைச்சவர் எண்டு சொல்லுறதோ? ஒண்டும் சொல்லாமலே கண்ணை மூடினவர் எண்டு சொல்லுறதோ? அந்தக் கிழவர் என்ர வாயையே பாத்துக்கொண்டிருக்கிறார்.

மிஸ்டர் கரீன் நல்லா இருந்த காலத்தில தம்பியைப் பற்றி எத்தினையோ கதை சொன்னவர். ரெண்டு பேரும் ஒரே வள்ளத்தில அம்பது வருசம் போனவை. டென்னிஸ் சரியான மொக்கன், மடையன், அவனைத் தனியக் கடலுக்கு விட ஏலாது எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இஞ்ச மொக்கனுக்கு 'ஸ்டண்ட்' எண்டுறது. ஈரப் புகார் பிடிச்ச நாளுக்கு 'மோஸி' எண்டுறது. எனக்கு இதெல்லாம் எப்ப பாடமானதோ தெரியாது.

நான் சொன்னன். என்ர இங்கிலீஷில இல்லை. அவற்ர இங்கிலீஷில, அவற்ர குரலில எவ்வளவு வருமோ அவ்வளவில. "'டிஸ் சம் மோஸி அவுட், மிஸ். டென்னிஸ் இஸ் டூ ஸ்டண்ட் டு பி அவுட் இன் டாட் போட் பி ஹிஸ்ஸெல்ஃப்." வெளியில சரியான புகார், மிஸ், உந்த மொக்கன் டென்னிஸைத் தனிய வள்ளத்தில விடக்கூடாது. 'தாட்' எண்டு சொல்லேல்லை, 'டாட்' எண்டுதான் சொன்னன். யன்னலைப் பாத்துச் சொன்னவர் எண்டு அதையும் சேத்துச் சொன்னன்.

முழுப் பொய்.

 டென்னிஸ் துடையில அடிச்சுச் சிரிக்கத் தொடங்கினார். "ஸ்டண்ட்! எழுபது வருசமா என்னை அப்பிடித்தான் கூப்பிட்டவன். அது அவனேதான். அவனேதான்." சிரிச்சுக்கொண்டே கண்ணைத் துடைச்சார், மூக்கைத் துடைச்சார், பக்கத்தில நிண்ட ஆளின்ர கையைப் பிடிச்சு இழுத்து அவனுக்கும் சொன்னார்.

நிமிர்ந்து பாக்கிறன், பெர்னடெட் தேத்தண்ணிக் கேத்திலோட நிக்கிறா. எவ்வளவு நேரம் நிண்டாவோ தெரியாது. தேப்பனுக்குப் பக்கத்தில கடைசி நிமிசம் வரைக்கும் இருந்தவ அவ. அவர் அப்பிடி ஒரு வசனம் சொல்லேல்லை எண்டு அவவுக்குத் தெரியும். என்னையே பாத்தா. நான் கண்ணை எடுக்கேல்லை. 

அவ என்ர கோப்பையை வாங்கி நிரப்பித் தந்தா. பிறகு மண்டபத்தின்ர மற்றப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினா.

"அங்க ரீற்றா மாமிக்குக் காது சரியாக் கேக்காது, மிஸ்" எண்டா. "அவவும் கேக்கவேணும். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

நான் கோப்பையைக் கீழ வைச்சிட்டு எழும்பினன். மண்டபத்தில இருந்த ஆக்கள் எல்லாரும் பேச்சை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தினம். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, முதல் சொல்லில இருந்து, திரும்பவும் சொன்னன்.